பருத்தி நூலைத் தின்னும் வயிறு: காங்கேயம் மாடும் திருப்பூர் பஞ்சும்

கால்நடை மருத்துவத்தில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. தீனி எடுக்காமல் மந்தமாக நிற்கும் மாட்டின் பெருவயிற்றிலிருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்து ஒரு குழாயில் ஊற்றுவார்கள். முனையில் சின்ன எடை கட்டிய பருத்தி நூல் ஒன்றை அதில் தொங்க விடுவார்கள். மாட்டின் உடம்புச் சூட்டிலேயே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வயிறு நன்றாக வேலை செய்தால் சுமார் 48 முதல் 54 மணி நேரத்துக்குள் நூல் இற்று அறுந்து எடை கீழே விழும். 72 மணி நேரம் தாண்டியும் நூல் அப்படியே இருந்தால் வயிறு கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கத்தி இல்லை, அமிலத்தில் முக்கவில்லை. பின்னே நூலை அறுத்தது யார்? மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான்!

பனியனுக்கு நூல் அறுந்தால் பதறுகிற ஊர் திருப்பூர். அந்த ஊரைச் சுற்றியுள்ள புன்செய்க் காடுகளில் பல தலைமுறைகளாக மேய்ந்தது பருத்தி நூலையே செரிக்கத் தெரிந்த ஒரு விலங்கு. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு தற்செயலானது போலத் தோன்றும். ஆனால் திருப்பூர் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால், பனியன் கம்பெனிகளின் அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு மாட்டு வயிறு இருப்பது தெரியும்.

துணிப்பையை விழுங்கிய விஞ்ஞானி

முதலில் செரிமானத்தின் கதை. வயிறு உணவை எப்படிக் கரைக்கிறது என்பது 18-ஆம் நூற்றாண்டு வரை பெரிய புதிராகவே இருந்தது. திருகைக் கல் மாதிரி அரைக்கிறது என்றார்கள் சிலர். அழுகுகிறது என்றார்கள் வேறு சிலர்.

பிரான்சு நாட்டின் ரெயோமூர் ஒரு பருந்தை வைத்துச் சோதனை செய்தார். சிறிய உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து விழுங்கச் செய்தார். பருந்து செரிக்காததை வாய் வழியே கக்கிவிடும் பழக்கம் உள்ளது. குழாய் நசுங்காமல் திரும்பி வந்தது, உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. அப்படியானால் அரைப்பது மட்டும் காரணமில்லை, வயிற்றில் ஏதோ ஒரு சாறு இருக்கிறது! இதை அவர் 1752-இல் எழுதினார்.

இத்தாலியின் ஸ்பல்லன்சானி இன்னும் ஒரு படி மேலே போனார். உணவைச் சின்ன லினன் துணிப் பைகளில் கட்டித் தானே விழுங்கினார். பை வெளியே வந்தபோது உள்ளே இருந்த உணவு காணாமல் போயிருந்தது. துணி மட்டும் சேதமில்லாமல் வந்தது. 1780-இல் வெளியான அவருடைய ஆய்வுரைகளில் இவை பதிவாகியுள்ளன.

இறைச்சியைக் கரைத்த மனித வயிறு துணியை ஏன் விட்டுவிட்டது என்ற கேள்விக்கு வேதியியல்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1838-இல் பிரான்சின் அன்செல்ம் பாயன் தாவரங்களின் செல்சுவரில் உள்ள பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் செல்லுலோஸ். பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதுதான். லினன், வைக்கோல், சோளத்தட்டு, காகிதம் எல்லாவற்றிலும் முக்கியமான சரக்கு இதுவே.

செல்லுலோஸும் அரிசியின் மாவுச்சத்தும் ஒரே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள். முடிச்சு போடும் விதம்தான் வேறு. மாவுச்சத்தின் முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் உமிழ்நீரிலேயே இருக்கிறது. செல்லுலோஸ் முடிச்சை அவிழ்க்கும் நொதி மனிதனிடம் இல்லை. ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த நொதியை மாடும் சொந்தமாகச் சுரப்பதில்லை!

வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை

மாட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் ஒரே வயிற்றின் நாலு அறைகள் என்பதே சரி. முதல் அறை பெருவயிறு. வளர்ந்த மாட்டில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டி. அதை ஒட்டித் தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட இரண்டாவது அறை. புத்தகத்தின் ஏடுகள் போல மடிப்பு மடிப்பாக மூன்றாவது அறை. நாலாவதுதான் நம் வயிறு போலவே அமிலம் சுரக்கும் உண்மை வயிறு.

மாடு மேயும்போது அவசரமாக விழுங்கிவிடும். பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதை உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டு வந்து மெல்லும். அசைபோடுதல் என்பது இதைத்தான். ஒரு நாளில் சுமார் 8 மணி நேரம் இந்த வேலை நடக்கும். கம்பெனியில் ஒரு ஷிப்ட் மாதிரி! பெரிய மாடு ஒன்று நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும். பெருவயிற்றில் புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்வது அந்த உமிழ்நீர்தான்.

உள்ளே காற்று இல்லாத இருட்டு. ஒரு மில்லி லிட்டர் திரவத்தில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள். இவை தவிர ஒருசெல் உயிரிகளும் பூஞ்சைகளும் உண்டு. 1843-இல் பாரிசில் க்ரூபியும் டெலாஃபோனும் மாட்டு வயிற்றில் இந்த ஒருசெல் உயிரிகள் நீந்துவதைப் பார்த்து எழுதினார்கள். 1880-களில் ஜெர்மனியின் டாப்பைனர், செல்லுலோஸ் அங்கே புளித்து அமிலங்களாக மாறுவதைக் காட்டினார்.

அந்த அமிலங்கள் வீணாகின்றனவா, மாட்டுக்குப் பயன்படுகின்றனவா? இதற்கு விடை கிடைக்க 1944 வரை ஆனது. கேம்பிரிட்ஜில் பார்கிராஃப்ட் குழுவினர் செம்மறியாட்டின் பெருவயிற்றிலிருந்து வரும் இரத்தத்தை ஆராய்ந்து, அமிலங்கள் வயிற்றுச் சுவர் வழியாகவே உறிஞ்சப்படுவதை நிரூபித்தார்கள். நமக்குச் சத்து உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலில். மாட்டுக்கோ கிட்டத்தட்ட 70 சதவீத ஆற்றல், உணவு சிறுகுடலைத் தொடும் முன்பே கிடைத்துவிடுகிறது! அமெரிக்காவின் ராபர்ட் ஹங்கேட் காற்றில்லாச் சூழலில் இந்த நுண்ணுயிர்களைத் தனித்தனியாக வளர்க்க வழி கண்டார். பெருவயிறும் அதன் நுண்ணுயிர்களும் பற்றிய அவருடைய நூல் 1966-இல் வெளிவந்தது.

கடைசி அத்தியாயம் கொஞ்சம் கொடூரமானது. வேலை செய்த நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு, உண்மை வயிற்றிலும் சிறுகுடலிலும் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. தொழிலாளியையே தின்றுவிடும் தொழிற்சாலை!

இன்னொரு சேதியும் உண்டு. 1938-இல் தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வாளர்கள் தீவனத்தைப் பையில் கட்டிப் பெருவயிற்றுக்குள் தொங்கவிட்டு எவ்வளவு கரைகிறது என்று அளந்தார்கள். அவர்கள் எடுத்தது பட்டுப் பை. பருத்திப் பை என்றால் தீவனத்தோடு பையும் போயிருக்கும்! பின்னாளில் நைலான் பை வந்தது. ஸ்பல்லன்சானி வயிற்றில் பத்திரமாக இருந்த துணி மாட்டு வயிற்றில் நிலைக்காது என்பதுதான் இரண்டு வயிறுகளுக்கும் உள்ள வித்தியாசம்.

கொறங்காடு

இப்போது நம் ஊருக்கு வருவோம். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. செம்மண்ணும் சரளையும். நெல் விளைகிற பூமி இல்லை. இங்கே உருவானதுதான் கொறங்காடு என்னும் மேய்ச்சல் முறை.

சில ஏக்கர் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நடுவார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வேலங்காய் உதிரும், மாடும் செம்மறியும் பொறுக்கித் தின்னும். ஒரு காட்டில் மேய்த்துவிட்டு அடுத்த காட்டுக்கு மாற்றினால் முதல் காடு மீண்டும் தழைக்கும்.

காய்ந்த புல்லில் புரதம் குறைவு. அதை வைத்து மாடு எப்படி உயிர் வாழ்கிறது? உடலின் கழிவான யூரியாவில் ஒரு பகுதியை அசைபோடும் விலங்குகள் உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் பெருவயிற்றுக்கே திருப்பி அனுப்பும். நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் செய்துகொள்ளும். கழிவை மறுசுழற்சி செய்வதில் மாட்டை மிஞ்ச ஆளில்லை.

இந்த நிலத்தில் தேர்ந்து எடுக்கப்பட்டதுதான் காங்கேயம் இனம். கன்று பிறக்கும்போது செம்மை, சில மாதங்களில் சாம்பல் நிறம். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்துவரும். இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தைக்குப் பெரிய பெயர் உண்டு. தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி லிட்டில்வுட் 1936-இல் வெளியிட்ட நூலிலும் காங்கேயம் இடம்பெற்றது.

கிணறு, காளை, பருத்தி

கொங்குச் சீமையின் விவசாயம் கிணற்றை நம்பியது. ஆழமான கிணற்றிலிருந்து கவலை ஏற்றம் மூலம் தண்ணீர் இறைப்பார்கள். சாலில் நிரம்பிய தண்ணீரை வடத்தில் கட்டி, இரண்டு காளைகள் சரிவான பாதையில் இறங்கி இழுக்கும். மறுபடி பின்னோக்கி ஏறும். விடியற்காலையிலிருந்து இதே நடை.

அந்தக் காளைகளுக்கு எரிபொருள் என்ன? சோளத்தட்டு, கொழுக்கட்டைப் புல், கொஞ்சம் புண்ணாக்கு. மனிதனுக்குப் பயன்படாத செல்லுலோஸைத் தண்ணீராக மாற்றிய இயந்திரம் அது. கணக்குப் பாடத்தின் மொழியில் சொன்னால், மூலப்பொருள் செலவு அநேகமாகப் பூஜ்யம்!

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. நாட்டுப் பருத்தியைவிட இழை நீளம், விலையும் அதிகம். ஆனால் அதற்குக் கிணற்றுப் பாசனம் வேண்டும். கிணற்றுக்குக் காளை வேண்டும். ஆக, தோட்டக்காலில் வெண்மையாக வெடித்த கம்போடியாப் பஞ்சுக்குப் பின்னால் இருந்தது காளையின் வயிறு. ரயில் பாதை உள்ள திருப்பூர் பருத்திச் சந்தையாக வளர்ந்தது. கொட்டை நீக்கும் ஜின்னிங் பேக்டரிகள் பெருகின. 1925 வாக்கில் முதல் பின்னலாடை ஆலை வந்தது. 1978-இல் இத்தாலிய வியாபாரி வெரோனா மூலம் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியது. பின்னலாடைத் தொழிலுக்கு வந்த முதலாளிகளில் கணிசமானவர்கள் இந்தத் தோட்டங்களிலிருந்து வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஜின்னிங் பேக்டரி பஞ்சை ஆலைக்கு அனுப்பியது. கொட்டை எங்கே போனது? மாட்டுக்கே திரும்பி வந்தது! பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்துத் தண்ணீரில் கலந்து வைப்பது கொங்கு வீடுகளின் வழக்கம். எண்ணெய்யும் புரதமும் நிறைந்த தீனி அது.

இதிலும் ஒரு செரிமான ரகசியம் ஒளிந்திருக்கிறது. பருத்திக்கொட்டையில் காசிபால் என்றொரு நச்சு உண்டு. பூச்சிகளிடமிருந்து தப்பிக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதம். பன்றி, கோழி போன்ற ஒற்றை வயிற்று விலங்குகளுக்கு அது ஆகாது. வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் காசிபால் புரதத்தோடு பிணைந்து பெருமளவு செயலிழந்துவிடும். பெருவயிறு இன்னும் வளராத இளங்கன்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அளவுக்கு மீறினால் பெரிய மாட்டுக்கும் கெடுதல்தான்.

எல்லா நச்சிலும் பெருவயிறு காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு தரும் பொருள் சேரும். அங்கே பெருவயிற்று நுண்ணுயிர்களே சயனைடை வேகமாக வெளியேற்றி மாட்டைக் கொன்றுவிடும். வாடின சோளக்காட்டில் மாட்டை விடாதே என்று பெரியவர்கள் அதட்டுவது இதனால்தான்.

தன் வேலைக்குத் தானே வண்டி இழுத்த காளை

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவை ஆலைகளை ஓட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு கிணறுகளிலும் மின்மோட்டார் பரவலானது. கவலை மெல்ல மெல்ல நின்றது.

1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூவர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். திருப்பூருக்கு மிக அருகில் உள்ள ஊர் அது. 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கட்டை வண்டிகளைப் பூட்டிக்கொண்டு வந்து கோவை நகரத்தை ஸ்தம்பிக்க வைத்தார்கள். மோட்டாருக்குக் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அந்த வண்டிகளை இழுத்து வந்தவை காளைகள். தங்களுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லும் போராட்டத்துக்குத் தாங்களே வண்டி இழுத்தன! விவசாயியின் கோரிக்கையில் தவறில்லை. நாள் முழுக்கக் கவலை ஓட்டியவனுக்குத்தான் மோட்டாரின் அருமை தெரியும். ஆனால் காளையின் மதிப்பு அன்றோடு சரியத் தொடங்கியது.

அதே 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. வேலைக்கு இல்லை என்றால் மாடு பாலுக்குத்தான். காங்கேயம் பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். ஜெர்சிக் கலப்பினம் அதைப் போலப் பல மடங்கு கறக்கும். வரவுப் பக்கத்தைப் பார்த்தால் சந்தேகமே இல்லை.

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதிகப் பால் கறக்கும் மாட்டுக்கு வெறும் காய்ந்த புல் போதாது. தானியம், புண்ணாக்கு, கலப்புத் தீவனம் விலைக்கு வாங்க வேண்டும். மாவுச்சத்து அதிகமானால் பெருவயிற்றில் நுண்ணுயிர்க் கணக்கு மாறும், லாக்டிக் அமிலம் சேரும், மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கல் நாளில் பாசத்தோடு ஊட்டும் பொங்கலும் சோறும் அளவு மீறினால் இதே நிலைதான். ஆண்டுதோறும் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான். புல்லுக்காக உருவான வயிறு அது.

தண்ணீரும் பாலிதீனும்

ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. கழிவுநீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. உப்பு மிகுந்த தண்ணீரைக் குடிக்கும் மாடு தீனி குறைத்துக்கொள்ளும், கழிச்சல் காணும். பெருவயிறு என்பதே ஒரு தண்ணீர்த் தொட்டி என்பதை நினைத்தால் காரணம் புரியும். விவசாயிகள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமாகி, பட்டறைகள் திரும்ப இயங்கின.

நகரத்து மாட்டுக்கு வேறு ஆபத்து. சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் மாட்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. காகிதம் செல்லுலோஸ், ஒட்டிய பசை மாவுச்சத்து. மாட்டின் கணக்கில் அது சாப்பாடுதான்! மிச்சச் சோறு கட்டிய பாலிதீன் பையை விழுங்கும்போதுதான் கணக்கு தப்புகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கும் நுண்ணுயிர் பெருவயிற்றில் இல்லை. பை அங்கேயே தங்கும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததும் அதே ஆண்டு ஜனவரியில்தான்.

திருப்பூரிலும் இப்போது பருத்தியோடு பாலியெஸ்டர் துணியும் ஓடுகிறது. பருத்தி வெட்டுத்துணி மண்ணில் கிடந்தால் காலப்போக்கில் மட்கும், மாட்டு வயிற்று நூல் அறுந்த மாதிரி. பாலியெஸ்டருக்கு அந்த வழி எளிதாக இல்லை.

ஐந்தொகையில் வராத சொத்து

காங்கேயம் மாடு முற்றிலும் போய்விடவில்லை. பழையகோட்டையில் இந்த இனத்துக்கென்றே சந்தை கூடுகிறது. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் கொறங்காட்டையும் சேர்த்துக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு என்ற சொல்லுக்கு நகரத்து இளைஞர்களிடமும் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் மாட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் உள்ள காடு வீட்டுமனையாகவும் கம்பெனி ஷெட்டாகவும் மாறிவிட்டால், காங்கேயம் மாடும் மூட்டைத் தீவனத்தைத்தான் தின்ன வேண்டும். மூட்டைத் தீவனம் தின்று இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டை எந்த விவசாயியும் நீண்ட நாள் கட்டி வைத்திருக்க முடியாது. அந்த மாட்டின் லாபமே, யாருக்கும் பயன்படாத புல்லைத் தின்பதில்தான் இருக்கிறது. மாட்டின் பொருளாதாரம் அதன் பெருவயிற்றில் இருக்கிறது, பெருவயிறு கொறங்காட்டில் இருக்கிறது.

திருப்பூரின் ஏற்றுமதிக் கணக்கில் நூல் விலை வரும், சாயக் கூலி வரும், மின்கட்டணம் வரும். முதல் மூலதனத்தைச் சேர்த்துக் கொடுத்த கிணற்றுக் காளைக்கும், அது தின்ற கொழுக்கட்டைப் புல்லுக்கும் எந்தப் பேரேட்டிலும் பக்கம் ஒதுக்கவில்லை. மிச்சமிருக்கும் கொறங்காடுகளை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர்கள் அந்த விடுபட்ட பக்கத்தையும் ஒருமுறை எழுதிப் பார்த்தால் நல்லது.